இரவுக் காவல்காரர்

கல்யாண வீட்டில் ஒரு மனிதரைச் சங்கடப்படுத்துவதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. முதல் பந்திக்குக் கூப்பிடாமல் விட்டுவிடலாம். அழைப்பிதழில் அவர் பெயரைக் கடைசி வரியில் போடலாம். என் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு இவ்வளவெல்லாம் வேண்டியதில்லை. "உங்கள் மகள் அமெரிக்காவில் என்ன செய்கிறாள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அண்ணன் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆனால் சென்ற ஆவணியில் திருச்சியில் எங்கள் உறவில் நடந்த ஒரு கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே அந்த ஒரே கேள்விக்கு அவர் ஐந்து விதமாகப் பதில் சொன்னதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து நானே கேட்டேன். முதலில் கேட்டவரிடம், "ஆராய்ச்சி பண்றா" என்றார். அடுத்தவரிடம், "மருந்து ஆராய்ச்சி." மூன்றாமவர் கொஞ்சம் படித்தவர்; விடவில்லை. "பயோ கெமிஸ்ட்ரிங்க" என்று அவர் வாயை அடைத்தார். நான்காவதாக வந்தவர் அரிசி மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவரிடம் எப்படியோ அண்ணன் வாய் தவறி, "எலிகளை வச்சு ஏதோ பண்றாங்க" என்று சொல்லிவிட்டார். மண்டிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய கிடங்கில் எலித் தொல்லை. அமெரிக்காவில் புதிதாக என்ன மருந்து வந்திருக்கிறது, மகளைக் கேட்டுச் சொல்ல முடியுமா?

அந்தச் சமயத்தில் மகளே வந்து சேர்ந்தாள். பட்டுப் புடவையும் கையில் காப்பித் தம்ளருமாக வந்து நின்றவள், பெரியவரின் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் பண்றது எலி மருந்து இல்லீங்க, தாத்தா. ஆம்பளைங்க சாப்பிடற கர்ப்பத்தடை மாத்திரைக்காக ஆராய்ச்சி பண்றேன். முதல்ல எலிக்குக் குடுத்துப் பாக்கறோம்" என்றாள்.

நல்ல வேளையாக நாதஸ்வரக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். சிறிது நேரம் அவர் வாசித்ததுதான் கேட்டது. பிறகு பெரியவர், கோபமோ கேலியோ இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்: "ஆம்பிளைக்கா? அது எதுக்கும்மா?"

ஐந்தாவது பதிலைச் சொல்லாமல் விட்டேனே. அது மண்டபத்து வாசலில், காருக்குக் காத்திருந்தபோது சொன்னது. "புற்றுநோய் ஆராய்ச்சி" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று ராத்திரி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெட்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அது என் தப்பு. நாவல் எழுதுகிறவர்களுக்கு மனிதர்களைச் சீக்கிரம் முடிவுகட்டிவிடுகிற ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அண்ணனுடைய கவலை வேறு.

"வயசு முப்பத்து மூணு ஆச்சுடா. பி.எச்டி. முடிச்சு அஞ்சாவது வருஷம் நடக்குது. இன்னும் ஒரு நிரந்தர உத்தியோகம் இல்லே. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எவன் பணம் குடுப்பான்னு எழுதிப் போட்டுக்கிட்டே இருக்கா. பணம் நின்னா வேலை நிக்கும். வேலை நின்னா விசா நிக்கும். ஒரு கம்பெனியில கூப்பிடறாங்களாம், புற்றுநோய் மருந்து பண்ற கம்பெனி. போக மாட்டேங்கறா. நீ சொன்னா கேப்பா. கதை எழுதறவன்னு உன் மேல அவளுக்கு ஒரு மரியாதை."

கதை எழுதுகிறவன் சொல்லி ஒரு பெண் உத்தியோகம் மாறினாள் என்று எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை. இருந்தாலும் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

மொட்டை மாடியில் பாயை விரித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டோம். நான் பேச வந்ததை அவள் முன்கூட்டியே ஊகித்துவிட்டாள். "அப்பா அனுப்பிச்சாரா, சித்தப்பா?" என்று சிரித்தாள். பிறகு என்னைப் பேசவிடாமல் அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பெண்ணின் உடம்பு மாதத்துக்கு ஒரு முட்டையை வெளியிடுகிறது. அந்த ஒன்றை ஒரு மாதம் தடுத்தால் போதும். ஆணின் உடம்போ வினாடிக்கு ஆயிரத்துக்கு மேல் விந்தணுக்களை உற்பத்தி செய்கிறது, தூங்கும்போதும் செய்கிறது. ஒரு விந்தணு முதலிலிருந்து கடைசிவரை உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். ஆகவே இந்த உற்பத்தியை நிறுத்துகிற மருந்து எதுவானாலும் வேலை செய்கிறதா என்று தெரிய இரண்டு மூன்று மாதம் வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகு பழைய நிலை திரும்புகிறதா என்று பார்க்க இன்னும் சில மாதம். நடுவே தம்பதிகள் அதை மட்டும் நம்பி ஒரு வருஷம் வாழ்ந்து பார்க்க வேண்டும். இது மனிதர்களிடம். அதற்கு முன்னால் எலி, முயல் எல்லாம் இருக்கின்றன. எலிக்குக் கணக்கு கொஞ்சம் சீக்கிரம். சுமார் 35 நாள்.

"அதாவது, என் உபகாரச் சம்பளம் ரெண்டு வருஷம். எலிக்கு மருந்து குடுத்து, காத்திருந்து, நிறுத்தி, மறுபடியும் குட்டி போடுதான்னு பாத்து, ஒரு கட்டுரை எழுதி, அது அச்சாகறதுக்குள்ள ரெண்டு வருஷமும் முடிஞ்சிடும். அடுத்த சம்பளத்துக்கு விண்ணப்பம் போடறப்ப, கட்டுரை எங்கேன்னு கேப்பாங்க" என்றாள்.

இந்த ஒரு விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. பரிசோதனையின் ஆயுளைவிடப் பரிசோதிக்கிறவரின் ஆயுள் குறைவாக இருக்கிறது. அதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எல்லாத் துறைக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துவிட்டார்கள். இந்தத் துறைக்குக் கை நீளம்.

அமெரிக்க அரசாங்கத்தார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அங்கே 1993-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கர்ப்பத்தடையைப் பற்றியோ மலட்டுத்தன்மையைப் பற்றியோ இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்வதாக ஒப்புக்கொண்டால், அந்த இளைஞர் படிப்புக்காக வாங்கிய கடனில் ஒரு பகுதியைச் சர்க்காரே அடைத்துவிடும். நல்ல யோசனைதான். கடன்பட்டவன் மனசு என்ன ஆராய்ச்சியில் ஈடுபடும்? ஆனால் அது அந்த நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும்தான். வேறொரு திட்டம் இருக்கிறது, அயல்நாட்டார் விண்ணப்பிக்கலாம், பிறர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவர் சொந்த ஆராய்ச்சிக்கூடம் வைக்கும் வரை கைப்பிடித்து அழைத்துப் போகிற திட்டம். அதற்குப் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி அனுபவம் நான்கு வருஷத்தைத் தாண்டுவதற்குள் மனுப் போட வேண்டும். இவளுக்கு ஐந்தாவது வருஷம். இது தவிர, வட கரோலினாவில் டர்ஹாம் என்ற ஊரில் 'மேல் காண்ட்ரசெப்டிவ் இனிஷியேட்டிவ்' என்று ஒரு தர்ம ஸ்தாபனம். ஹார்மோன் கலக்காத, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளக்கூடிய ஆண் கர்ப்பத்தடைக்காகவே ஏற்பட்டது. ஆராய்ச்சிக்கு மானியம் கொடுப்பதோடு, இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கென்று தனியாக உபகாரச் சம்பளமும் கொடுத்திருக்கிறார்கள். சிறிய ஸ்தாபனம். சத்திரம் சிறியதாக இருந்தால் எல்லா வழிப்போக்கருக்கும் எப்படி இடம் கிடைக்கும்?

"மருந்துக் கம்பெனிகள் என்ன செய்கின்றன?" என்று கேட்டேன்.

"இருந்தாங்க, போயிட்டாங்க" என்றாள்.

உண்மைதான். ஷெரிங், ஆர்கனான் என்ற இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகள் சேர்ந்து முந்நூற்றுச் சொச்சம் ஆண்களிடம் ஒரு பரிசோதனை நடத்தின. 2006-ல் ஷெரிங்கைப் பேயர் கம்பெனி வாங்கியது. அதற்குப் பிறகு அந்தக் காரியம் கைவிடப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் நடந்த மற்றொரு பரிசோதனையில் 320 ஆண்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஊசி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மனச்சோர்வு முதலான பக்க விளைவுகளைக் கண்டு, வெளியார் குழு ஒன்று 2011-ல் நிறுத்தச் சொல்லிவிட்டது. முடிவுகள் 2016-ல் வெளிவந்தன. ஊசி போட்டுக்கொண்ட ஆண்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல், மருந்து கிடைத்தால் தொடர்ந்து உபயோகிக்கத் தயார் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் தயார், மற்றவர்கள் தயாரில்லை.

இந்த இடத்தில்தான் நான் அண்ணன் கொடுத்தனுப்பிய வாதத்தை எடுத்தேன். "அம்மா, கம்பெனிக்காரர்களே வேண்டாமென்று போன இடத்தில் நீ எதற்காக உட்கார்ந்திருக்கிறாய்? உலகத்தில் எத்தனையோ வியாதிகள். கர்ப்பத்தடைக்குத்தான் பெண்களுக்கு எவ்வளவோ வழிகள் வந்துவிட்டனவே" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பதில் பேசவில்லை. கீழே வாழை மரத்தை அவிழ்க்கிற ஆட்களின் குரல் கேட்டது.

"சித்திக்கு ஆபரேஷன் பண்ணினாங்க இல்லே, சின்னவன் பொறந்தப்ப? நான் அப்ப காலேஜ்ல இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தேன். அப்ப உங்களை யாரும் கேக்கலையா, சித்தப்பா?"

கேட்டார்கள்.

இதை நான் இதுவரை எழுதியதில்லை. பெண்களின் துயரத்தை உருக்கமாக எழுதுகிறவர் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வாசகிகள் கடிதம் எழுதுகிறார்கள். இரண்டாவது பிரசவத்துக்கு முதல் நாள், அந்த ஆஸ்பத்திரியின் டாக்டரம்மாள் என்னையும் என் மனைவியையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார்: "இதோட போதும்னு நினைக்கறீங்களா? அப்படின்னா ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பண்ணிக்கலாம். ஆம்பளைங்களுக்கு ரொம்பச் சுலபம். இப்பெல்லாம் கத்திகூட வைக்கறதில்லே. ஊசி முனை மாதிரி ஒரு துவாரம். அரை மணி நேரம். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

நான் மேஜை மேலிருந்த காகிதக் கனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள்ளே ஒரு நீலப் பூ. அதன் இதழ்கள் ஐந்து. இன்றைக்கும் எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. 'யோசித்துச் சொல்கிறேன்' என்றுகூட நான் சொல்லவில்லை. என் மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "எனக்கே பண்ணிடுங்க டாக்டர், எப்படியும் படுத்துத்தானே இருக்கப் போறேன்" என்றாள். வெளியே வந்ததும் என் அம்மா, "அதானே, ஓடியாடி சம்பாதிக்கிறவன் உடம்புல கத்தியை வைக்கிறதா?" என்றாள். எழுதுகிறவன் எவ்வளவு தூரம் ஓடியாடுகிறான் என்பது என் மனைவிக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை.

நான் ஒருவன் மட்டும் அல்ல என்பது எனக்கு ஆறுதலாக இருக்க முடியாது. ஆனாலும் கணக்கைச் சொல்லவேண்டும். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் நூற்றுக்கு 0.3. ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1976–77-ல் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 62 லட்சம் ஆண்களுக்குச் செய்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வருஷத்து பயம் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் சொத்தைப்போல் வந்து சேர்ந்துவிட்டது. நானும் அந்த பயத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் அன்று அந்த மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு 1976 ஞாபகம் வரவில்லை. எனக்கு வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. "கேட்டார்கள்" என்று மட்டும் சொன்னேன். அவளும் மேலே கேட்கவில்லை. "ஆபரேஷன்னா நிரந்தரம், அதனால பயம்னு வச்சுக்குவோம். மாத்திரையா இருந்திருந்தா சாப்பிட்டிருப்பீங்களா?" என்றாள்.

"தெரியவில்லை. சாப்பிட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்" என்றேன்.

"அதுக்குத்தான்" என்றாள். மண்டிக்காரர் கேட்டதற்குப் பதிலை எனக்குச் சொன்னாளோ என்னவோ.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. படித்தேன். விஞ்ஞானத்தில் பாதி புரியவில்லை. மனிதர்களைப் பற்றியது புரிந்தது. அதில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பெண்கள் சாப்பிடும் கர்ப்பத்தடை மாத்திரையைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் கிரிகரி பின்கஸ் என்பார்கள். பின்கஸ் ஹார்வர்டு சர்வகலாசாலையில் நிரந்தர உத்தியோகம் கிடைக்காமல் வெளியே வந்தவர். 1944-ல் ஹட்ஸன் ஹோக்லண்ட் என்ற நண்பரோடு சேர்ந்து மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைத் தொடங்கினார். கையில் காசில்லாத ஸ்தாபனம். தலைவர் ஹோக்லண்ட் தாமே தோட்டத்துப் புல்லை வெட்டுவார். பின்கஸ் மிருகங்களின் கூண்டைச் சுத்தம் செய்வார். அங்கே 1945-ல் மின் சுவே சாங் என்று ஒரு சீனத்து இளைஞர் வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கிடைத்தது சொற்பமான உபகாரச் சம்பளம். தனியாக வீடு வைத்துக்கொள்ளக் கட்டாது. ஆகவே ஆராய்ச்சிக்கூடத்திலேயே படுத்துக்கொண்டு, இரவுக் காவல்காரர் வேலையையும் பார்த்தார்.

சாங் வந்தது கர்ப்பத்தைத் தடுப்பதற்கல்ல. உடம்புக்கு வெளியே கருவை உண்டாக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான். அதையும் அவர் விடவில்லை: 1959-ல் முயலிடம் செய்து காட்டினார். பின்னாளில் சோதனைக் குழாய்க் குழந்தைகள் பிறப்பதற்கு அது ஒரு படி. ஆனால் இடையில் பின்கஸ் கேட்டதற்கிணங்க, புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்து, முட்டை வெளிவருவது நின்றுபோவதை உறுதி செய்தவர் அவர்தான். மாத்திரைக்கு அஸ்திவாரம் அது. 1953-ல் மார்கரெட் சாங்கர் அம்மையார் ஒரு பணக்காரத் தோழியை அங்கே அழைத்து வந்தார். காதரின் மக்கார்மிக் என்று பெயர். அறுவடை இயந்திரக் குபேரர்களின் குடும்பத்து விதவை, 1904-லேயே எம்.ஐ.டி.யில் உயிரியல் பட்டம் பெற்றவர். அப்போது வயது எழுபத்தைந்துக்கு மேல். அந்த அம்மாள் கொடுக்க ஆரம்பித்த பணம் கடைசியில் ஏறக்குறைய இருபது லட்சம் டாலர். 1960-ல் மாத்திரைக்கு அங்கீகாரம் கிடைத்தது.

பணம் கொடுத்தவரைப் புகழ்வார்கள், புகழட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த அம்மாள் காரை விட்டு இறங்கியபோது, உள்ளே எட்டு வருஷமாக ஒருவர் முயல்களோடு இருந்தார். அவர் இரண்டாவது வருஷத்திலேயே வேறு நல்ல உத்தியோகம் பார்த்துக்கொண்டு போயிருந்தால், அந்த இருபது லட்சம் யார் கையில் போய்ச் சேர்ந்திருக்கும்? விதைக்குக் கடன் கொடுக்க ஆள் உண்டு, அறுவடைக்கு முன்பணம் கொடுக்க ஆள் உண்டு. நடுவில் உழுகிறவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

நம் தேசத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சுஜோய் குஹா என்ற பேராசிரியர். இன்ஜினீயர். கிணற்றுத் தண்ணீர்க் குழாயின் உள்ளே ஒரு ரசாயனத்தைப் பூசிக் கிருமிகளைக் கொல்வது பற்றி யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, 1970களில், அதே ரசாயனத்தை மனித உடம்பில் விந்து வரும் குழாய்க்குள் ஏன் பூசக்கூடாது என்று தோன்றியது. டாக்டர் அல்லாதவர் பேச்சை மனிதப் பரிசோதனையில் யார் கேட்பார்கள்? போய் எம்.பி.பி.எஸ். படித்தார். முதல் கட்டுரை 1979-ல். டில்லி, ஜெய்ப்பூர், லூதியானா முதலிய ஐந்து இடங்களில் 303 ஆண்களிடம் நடத்திய மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு வெளிவந்தது 2023-ல். ஒரே ஊசியில் கர்ப்பத்தைத் தடுப்பதில் நூற்றுக்கு 99க்கு மேல் வெற்றி. வேண்டாமென்றால் மனிதர்களிடம் அதைக் கரைத்து எடுத்துவிட முடியுமா என்பதை அந்தப் பரிசோதனை காட்டவில்லை; அதை இனிமேல்தான் யாராவது செய்ய வேண்டும். 1979-க்கும் 2023-க்கும் நடுவில் நாற்பத்து நான்கு வருஷம்! குஹாவின் பிடிவாதத்தை எல்லாரும் வியக்கிறார்கள். நானும் வியக்கிறேன். ஆனால் மாதம் பிறந்தால் அவருக்கு ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சம்பளம் வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். உபகாரச் சம்பளத்தில் இருந்துகொண்டு நாற்பத்து நான்கு வருஷம் யாராலும் பிடிவாதமாக இருக்க முடியாது.

இப்போது நம்பிக்கை தருகிற காரியங்களும் இளையவர் கையில்தான் நடக்கின்றன. நியூயார்க்கில் வைல் கார்னெல் வைத்தியக் கல்லூரியில் மெலனி பால்பாக் என்ற இளம் ஆராய்ச்சியாளர், கண் நோய் ஒன்றுக்கு உதவலாம் என்று கருதிய மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது, அந்த எலிகளின் விந்தணுக்கள் நீந்த முடியாமல் கிடப்பதைக் கண்டார். அந்த வழியில் செய்த ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் விந்தணு ஸ்தம்பித்துவிடுகிறது; இரண்டு மணி நேரம் முழுப் பாதுகாப்பு; மறுநாள் எல்லாம் பழையபடி. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதே இல்லை. எலிக்குத்தான், மனிதனுக்கு இன்னும் வரவில்லை. மின்னஸோட்டா சர்வகலாசாலையில் உருவான இன்னொரு மருந்தைப் பற்றி 2022-ல் ரசாயன விஞ்ஞானிகளின் மாநாட்டில் அறிவித்தவர் ஒரு மாணவர். டர்ஹாம் ஸ்தாபனத்தின் பணமும் அந்த ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறது. 2025-ல் 16 ஆண்களுக்கு அதை ஒரு வேளை கொடுத்துப் பார்த்து, ஆபத்து எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பதினாறு பேர்! எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது பாருங்கள்.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு அண்ணனுக்கு டெலிபோன் செய்தேன். சாங் கதையைச் சொன்னேன். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டுக் கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு கேள்வி போட்டார்.

"சரி. ஒரு சாங் நின்னாரு, ஜெயிச்சாரு. அதே மாதிரி நின்னு, ஒண்ணும் ஆகாம போனவங்க எத்தனை பேர்? அவங்க கதையை யாராவது எழுதியிருக்காங்களா?"

எனக்குப் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம். இளைஞர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து ஒரு துறைக்கு வரச்சொல்லிவிட்டு, அதற்கப்புறம் உட்கார நாற்காலி இல்லை என்றால், அது பாதி ஆற்றில் பாலத்தை நிறுத்திவிட்ட கதைதான். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர் ஒருவர் சர்க்காரிடமிருந்து தம் பெயரில் முதல் பெரிய மானியம் வாங்கும்போது 1980-ல் சராசரி வயது 36-ஐ ஒட்டியிருந்தது. பின்னால் அது 42-ஐத் தாண்டிவிட்டது. அதுவரை அவர் 'இளம்' ஆராய்ச்சியாளர்தான். நம் வீடுகளில் அந்த வயதில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஆகவே இரண்டு வருஷச் சம்பளங்களைப் பத்துப் பேருக்குக் கொடுப்பதைவிட, ஐந்து பேருக்கு நான்கு வருஷமும், அதற்குப்பின் சொந்தமாகத் தொடங்க ஒரு கைம்முதலும் கொடுப்பது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுப்பவர்களுக்கு இது பிடிக்காது. பத்துப் பேர் என்றால் அறிக்கையில் பத்துப் புகைப்படம் போடலாம். மிச்சம் ஐந்து பேர் என்ன செய்வார்கள் என்று கேட்டால், புற்றுநோய்க் கம்பெனிக்குப் போவார்கள். அதிலும் ஒன்றும் பாவமில்லை. முப்பது வயதிலேயே தெரிந்து போவது, முப்பத்தெட்டில் தெரிந்து போவதைவிடத் தேவலை.

இதை அண்ணனிடம் சொன்னேன். "அதைச் சொல்லு அவகிட்ட" என்றார். "சொல்லி, கம்பெனிக்குப் போகச் சொல்லு."

"இல்லை, அண்ணா. நான் அதைச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

ஆஸ்பத்திரியில் அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்ததை அவரிடம் சொன்னேன். வயதில் பெரியவரிடம் பேசக்கூடாத விஷயம். டெலிபோன் என்பதால் பேச முடிந்தது. அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அண்ணன், "உங்க அண்ணிக்கும் அப்படித்தான்" என்றார். சட்டென்று, "சரி, சாப்பிட நேரமாச்சு" என்று வைத்துவிட்டார்.

போன வாரம் அவளிடமிருந்து செய்தி வந்தது. கம்பெனிக்கு முடியாது என்று எழுதிவிட்டாளாம். புதிய உபகாரச் சம்பளத்துக்கு மனு போயிருக்கிறது. முடிவு தெரிய வசந்த காலம் ஆகும். அதுவரை மூன்று மாதச் சம்பளத்துக்கு அவளுடைய பேராசிரியர் எங்கிருந்தோ வழி செய்திருக்கிறார். மிருகக்கூடத்தில் ஆள் குறைத்துவிட்டதால் சனி, ஞாயிறுகளில் எலிகளுக்குத் தீனி போட அவளே போகிறாளாம். சாங் இரவுக் காவல்காரராக இருந்த சங்கதியை நான் உற்சாகமாக எழுதியனுப்பினேன்.

"எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், சித்தப்பா" என்று பதில் எழுதினாள். "ஆனா அவருக்குக் காவல்காரர் வேலையாவது நிரந்தரமா இருந்தது."